சீதனக் காணியில் கொழிஞ்சி விதைத்தவர்

செய்தியைக் கொண்டுவந்தவர் தயிர்க்காரர். நான் வேலைபார்க்கும் கந்தோர் வாசலில் சைக்கிளுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தேன். தோளிலிருந்த காவுதடியை இறக்காமலே, "ஐயா, உங்கட புல்லுக் காக்கா மௌத்தாப் போயிட்டார்" என்றார். துக்கத்தை முந்திக்கொண்டு எனக்குக் கோபம் வந்துவிட்டது. செத்த பிறகாவது மனிதரைப் பெயர் சொல்லிக் கூப்பிடக் கூடாதா என்று கத்தினேன். அவர் பயந்துபோய், "நான் என்ன ஐயா செஞ்சன், ஊரே அப்பிடித்தானே சொல்லுது" என்றார். அதுவும் உண்மைதான். அவரைக் கோபித்து என்ன பயன்? காற்றுப் பாதி ஏறிய சக்கரத்தோடே புறப்பட்டேன்.

அவருடைய பெயர் மீராலெவ்வை; காக்கா என்பது இங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடும் முறை. சாய்ந்தமருதில் பிறந்து கல்முனைக்குடிக்கு மாப்பிள்ளையாக வந்தவர். இதை வாசிக்கும் உங்களில் பலர் அவரைக் கண்டிருப்பீர்கள். கடற்கரைப் பக்கத்துப் பாழ் மேட்டில் தனியாகக் குடியிருந்துகொண்டு, மாடும் தின்னாத செடியை விதைத்துக்கொண்டிருந்த நெட்டையான மனிதர் என்றால் உடனே ஞாபகம் வரும். சிலர் சிரித்தும் இருப்பீர்கள். அதற்காக உங்களோடு சண்டைபிடிக்க நான் இதை எழுதவில்லை. அவரைப் பற்றிக் கதைக்க எனக்கு இந்த ஊரில் வேறு ஆளில்லை, அதனால் உங்களிடம் கதைக்கிறேன்.

நான் ஆலையடிவேம்பைச் சேர்ந்தவன். விவசாயப் போதனாசிரியராகக் கல்முனைப் பகுதிக்கு மாற்றலாகி வந்து, கடைத்தெருவுக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துத் தங்கினேன். வந்த புதிதில் ஒரு நாள் வட்டை விதானை கந்தோருக்கு வந்தார். வயல்வெளியின் தண்ணீருக்கும் வேலிக்கும் காவலுக்கும் பொறுப்பானவர் அவர். வந்ததும் வராததுமாக ஒரு பிடி நெற்பயிரை வேரோடு என் மேசையில் போட்டார். இலையெல்லாம் துருப்பிடித்த தகரத்தின் நிறம்.

"மேட்டுக் காணியில இருந்து செந்தண்ணி இறங்குது ஐயா. அது பாயிற இடத்தில வேளாண்மை எழும்புதில்ல. முளைச்சது முளைச்சபடி நிக்கிது. அந்த மேட்டுக்கு ஒரு வழி பண்ணுங்க" என்றார்.

யுத்தகாலத்தில் ஒரு மணற் கம்பனி அங்கே வந்திருந்தது. கறுமணலில் இருக்கும் உலோகத்துக்காக மேட்டைத் தோண்டி, மண்ணைக் கழுவி, கறுப்பை அள்ளிக்கொண்டு, மிச்சத்தைக் குவியல் குவியலாக விட்டுவிட்டுப் போய்விட்டது. மேல்மண் அடிக்குப் போய், அடியில் கிடந்த இரும்புக் களி மேலே வந்திருந்தது. நான் போய்ப் பார்த்தபோது அங்கே அறுகம்புல்கூட இல்லை. காற்றடித்தால் மண் எழும்பிக் கண்ணுக்குள் விழுந்தது. மழைத்தண்ணீர் தேங்கிய குழிகளில் செம்மஞ்சள் ஆடை படர்ந்திருந்தது. அதன் நடுவே ஓர் ஓலைக் குடிசை. குடிசைக்கு முன்னால் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு மீராலெவ்வைக் காக்கா நின்றார்.

"இந்த இடத்தில் உங்களை யார் இருக்கச் சொன்னது?" என்று நான் உத்தியோகத்தர் தோரணையில் கேட்டேன்.

"போகச் சொன்ன ஆக்கள்தான் இரிக்கி தம்பி. இருக்கச் சொன்ன ஆக்கள் இல்ல" என்றார்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் கரையோரத்தில் வீடும் காணியும் பெண்பிள்ளைக்கே சீதனமாகப் போகும். மணமுடிக்கும் ஆண், மனைவியின் வீட்டுக்குக் குடிவருவான். அவள் காணியில் அவன் உழலாம், தேங்காய் பறிக்கலாம், வேலி கட்டலாம். பிறத்தியாருக்குக் கொடுக்க மட்டும் அவனுக்கு உரிமையில்லை. அந்த மேடு ஒருகாலத்தில் தென்னந்தோப்பு. அவருடைய மனைவி சுலைகா உம்மாவின் தாய்வழிச் சீதனம். கம்பனிக்காரர் வந்து கேட்டபோது சுலைகா உம்மா ஒரு கலியாணத்துக்காக அக்கரைப்பற்றுக்குப் போயிருந்தார். கறுமணலை மட்டும் அரித்து எடுத்துவிட்டு நிலத்தைச் சமப்படுத்தித் தருவோம் என்றார்கள். இவர் நம்பினார். வீட்டு ஆண்பிள்ளை நான்தானே என்று தலையாட்டிவிட்டார். சுலைகா உம்மா திரும்பி வந்தபோது மரங்கள் விழுந்து கிடந்தன.

அந்த அம்மா அழவுமில்லை, ஏசவுமில்லையாம். இவருடைய சாரன்களையெல்லாம் துவைத்து, காயவைத்து, மடித்து, தலையணையோடு சேர்த்து வாசலுக்கு வெளியே வைத்திருக்கிறார். அவ்வளவுதான். தலாக் என்ற பேச்சு இரண்டு பக்கத்திலும் எழவில்லை. மணவிலக்குத் தீர்க்கும் காதியாரிடமும் ஒருவரும் போகவில்லை. பிள்ளைகளும் இல்லை. சாய்ந்தமருதில் தாய்வீடு இருந்தது. ஆனால் அது முறைப்படி தங்கைக்குப் போய்விட்டது. மச்சானின் வீட்டில் எத்தனை நாள் படுப்பது? இவர் அந்தப் பாழ் மேட்டிலேயே குடிசை போட்டுக்கொண்டார்.

"வாங்கினத வாங்கின மாதிரிக் குடுக்கணும் தம்பி" என்றார் அன்று. "தோப்பா வாங்கினன். தோப்பாக் குடுக்க எனக்கு ஆயுசு காணாது. ஒரு தென்னம்பிள்ள உசிரோட நிக்கிற மண்ணாவது குடுக்கணும். என்ன ஊட்டுக்குக் கூப்பிடணுமெண்டு இல்ல. காணிய அவ கையால ஏத்துக்கிட்டாக் காணும்."

இதற்காகத்தான் அந்த மனிதர் உயிரோடு இருந்தார். பகலில் மற்றவர்களின் வயலில் கூலிவேலை, பின்னேரத்தில் அந்த மேடு. நான் வரும்வரை சாணியையும் சாம்பலையும் கொட்டிப் பார்த்து, எல்லாம் மழையோடு வயலுக்குள் கழுவுப்பட்டுப் போய், வட்டைக்காரரிடம் ஏச்சும் வாங்கியிருந்தார்.

நான் கொழிஞ்சி விதைக்கச் சொன்னேன். கொழிஞ்சியும் பயறும் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கும் சணலும் ஒரே குடும்பம். அவற்றின் வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் உண்டு. அந்த முடிச்சுக்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உணவாக்கும். பசளையே இல்லாத மண்ணிலும் அந்தச் செடி தன் பசளையைத் தானே செய்துகொள்ளும். இலை உதிர்ந்து, வேர் அழுகி, மண்ணுக்கும் கொடுக்கும். வேர் பிடித்தால் இரும்பு மண்ணை மழை கழுவிக்கொண்டு போவதும் குறையும். இதையெல்லாம் நான் நீட்டி முழக்கிச் சொன்னபோது அவர் கவனமாகக் கேட்டார். பிறகு, "காத்துல இருந்தா சோறு எடுக்குது? அப்ப அதுக்கும் என்னப் போல ஒருத்தரும் ஆக்கிப் போட இல்ல" என்றார்.

கொழிஞ்சி விதைக்குத் தோல் கட்டி. சும்மா விதைத்தால் இலேசில் முளைக்காது. கொதித்த நீரை ஊற்றி ஆறவிட்டு, ஊறவைத்து விதையுங்கள் என்று சொல்லிவிட்டு நான் வந்துவிட்டேன். அடுத்த கிழமை போனால் மனிதர் மலர்ந்த முகத்தோடு நிற்கிறார். "நல்லா அவிச்சுப் போட்டுட்டன் தம்பி" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நெல் அவிப்பதுபோல, ஊறவைத்து, பானையில் போட்டு, ஆவி வர அவித்து, பாயில் பரப்பிக் காயவைத்து, பிறகு விதைத்திருக்கிறார்! வீட்டிலே பெண்கள் செய்கிற அந்த வேலையை, தனித்த பிறகு அவர் தானாகவே பழகியிருந்தார். ஆகவே விதை, தண்ணீர், அடுப்பு என்று நான் சொன்னதும் அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் கை போயிருக்கிறது. நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அந்த விதைக்காக எத்தனை வரப்புகளில் நான் அலைந்திருப்பேன்! அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றுவிட்டு, "சரி தம்பி, ஏசினது போதும், ஒரு வாய் தேத்தண்ணி குடிங்க. ஏசிறதுக்காவது ஒரு ஆள் வந்திரிக்கிறது நல்லம்" என்றார். அதற்குப் பிறகு நான் எப்படி ஏசுவது?

மறுபடி விதைத்தோம். இந்த முறை முளைத்தது. ஆனால் ஒரு சாண் எழும்பியதும் மஞ்சளடித்து நின்றுவிட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேரில் முடிச்சே இல்லை. அந்த மண் அவ்வளவுக்குச் செத்திருந்தது. முடிச்சுக் கட்டும் உயிர்கள் அங்கே இல்லை. கொழிஞ்சி செழித்து வளரும் இடத்திலிருந்து மண் கொண்டுவந்து, கஞ்சித்தண்ணியில் குழைத்து, விதையில் பூசி விதைக்கவேண்டும் என்று சொன்னேன். அந்தச் சுற்றுவட்டாரத்தில் கொழிஞ்சி காடாக நின்ற இடம் ஒன்றுதான். அது சுலைகா உம்மாவின் தம்பி ஆதம்பாவாவின் வயல் வரம்பு.

"அங்க நான் போக ஏலாது" என்றார் காக்கா. நான் போனேன். ஆதம்பாவா மரியாதைக்காரர்தான். என்னைப் பாயில் இருத்தி, வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டுத்தான் கதையைத் தொடங்கினார். விஷயத்தைச் சொன்னதும் முகம் இறுகிவிட்டது. "மண்ணுதானே, அள்ளிக்கொண்டு போகட்டும் ஐயா. வண்டி கட்டி வேணுமெண்டாலும் அள்ளட்டும். ஆனா என்ட வாசலுக்கு அந்த மனிசன் வரப்படாது. ராத்தாட முகத்தில இன்னமும் சிரிப்பில்ல" என்றார், தன் அக்காவை நினைத்து. மண் கிடைத்தது. அதைச் சாக்கில் கட்டிச் சைக்கிளில் நானே தள்ளிக்கொண்டு வந்தேன். கடைத்தெருவில் போதனாசிரியர் ஐயா மண் வியாபாரம் தொடங்கிவிட்டார் என்று கேலி செய்தார்கள். செய்யட்டும்.

அந்த மாரியில் கொழிஞ்சி கருகருவென்று எழும்பியது. ஒரு செடியைப் பக்குவமாகக் கிண்டி எடுத்து, வேரை அலசி, அதிலிருந்த முடிச்சை நகத்தால் நசுக்கிக் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தது. முடிச்சுக்குள் சிவப்பிருந்தால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். காக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார். "அல்ஹம்துலில்லாஹ்" என்று மெல்லச் சொன்னார். பிறகு திரும்பி நாலு பக்கமும் பார்த்தார். கடல் ஒரு பக்கம், வயல் ஒரு பக்கம், ஆள் அரவமில்லை. "இத ஆருட்டத் தம்பி சொல்லுற?" என்று கேட்டார்.

நானே போய்ச் சுலைகா உம்மாவிடம் சொன்னேன். அவர் கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றுகொண்டு கேட்டார். நான் வேர்முடிச்சு, நைதரசன், மண்ணின் உயிர் என்று எல்லாவற்றையும் விளக்கி முடித்த பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "இவ்வளவு நேரமும் புல்லப் பத்தித்தானே ஐயா கதைச்சீங்க? தென்னை நிண்ட இடத்தில புல்லு நிக்கிது எண்டு கேட்டுச் சந்தோசப்பட நான் என்ன மாடா?" என்று கேட்டார். திரும்பி வந்து காக்காவிடம் அப்படியே சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்துவிட்டது. "கதைச்சிரிக்கா! என்னப் பத்தி இல்லாட்டியும் காணியப் பத்திக் கதைச்சிரிக்கா" என்றார்.

மாடு என்றதும் இன்னொன்று ஞாபகம் வருகிறது. ஒரு வருஷம் கொழிஞ்சிக்குப் பக்கத்தில் சணலும் விதைத்தோம். அது ஆளுயரத்துக்கு வந்து மஞ்சளாகப் பூத்து நின்றது. அறுவடை முடிந்ததும் வட்டையைத் திறந்துவிடுவது இங்குள்ள வழக்கம். வேலியைப் பிரித்து, பட்டி மாடுகளையெல்லாம் வயலுக்குள் விடுவார்கள். நெல் நிற்காத காணியில் மாடு வாய்வைப்பதை யாரும் குற்றமாக எடுப்பதில்லை. மாடுகள் மேட்டுக்கும் ஏறிவிட்டன. நான் போனபோது சணல் நின்ற இடத்தில் குச்சிகள்தான் நின்றன. விதானையைத் தேடிப்பிடித்துக் குதி குதியென்று குதித்தேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்து, "அது வேளாண்மைக் காணி இல்லையே ஐயா. வேளாண்மை இல்லாத இடத்துக்கு ஆர் காவல் போடுற?" என்று கேட்டார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை. அந்த ஊரில் எவருக்குமே அது ஒரு பயிராகத் தெரியவில்லை என்பதுதான் விஷயம்.

காக்கா அன்று சிதறிக் கிடந்த சாணியை வாரி மண்ணுக்குள் தாட்டுக்கொண்டிருந்தார். "கொழிஞ்சியத் தொடல்ல தம்பி, கைப்பு. கைக்கிறதுதான் மிஞ்சும்போல" என்றார். பிறகு, "மாடும் ஒண்டும் சும்மா தின்னல்ல, போட்டுட்டுத்தான் போயிரிக்கி" என்று சொல்லிச் சிரித்தார். அதற்குப் பிறகு சணலை விட்டுவிட்டோம். கொழிஞ்சியே போதும் என்று தீர்மானித்தோம். பூத்ததும் பாதியை வெட்டி அப்படியே மண்ணில் பரப்புவது, மீதியை விதைக்கு விடுவது என்பது எங்கள் முறையாயிற்று.

ஒரு நோன்புப் பெருநாளன்று பின்னேரம் அவரைப் பார்க்கப் போனேன். ஊரெல்லாம் புது உடுப்பும் அத்தர் வாசனையுமாக வீடு வீடாகப் போய்வந்துகொண்டிருந்தது. அவர் காலையில் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு, எல்லாரையும் கட்டித்தழுவி, கைகொடுத்து முஸாபஹா செய்துவிட்டு, நேரே மேட்டுக்கு வந்துவிட்டாராம். புதுச் சாரனை மாற்றி, பழையதைக் கட்டிக்கொண்டு குழி ஒன்றை நிரவிக்கொண்டிருந்தார். பெருநாளும் அதுவுமாக வேலையா என்று கேட்டேன். "பள்ளியில கட்டிப்பிடிச்ச ஆக்கள்ல ஒருத்தராவது 'வா காக்கா, ஊட்ட வந்து ஒரு வாய் சாப்பிடு' எண்டு கூப்பிட்டிருந்தா இந்த வேலை நாளைக்கு" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மழை வருமா என்று கேட்பதுபோலத்தான் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஊரை ஏசத் தொடங்கினேன். "ஏசாதீங்க தம்பி. பொஞ்சாதிட ஊட்டால போனவன எந்த ஊட்டுக்குக் கூப்பிடுறது எண்டு அவங்களுக்கும் தெரியாது" என்று என்னைத் தடுத்துவிட்டார். இரண்டு பேருமாக என் அறைக்குப் போய்ச் சோறாக்கிச் சாப்பிட்டோம். இரண்டு தனிக்கட்டைகள் சேர்ந்து ஆக்கிய சோறு எப்படியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

மாரிகள் போயின. மேட்டிலிருந்து இறங்கிய தண்ணீரின் நிறம் வெளுத்தது. துருப்பிடித்து நின்ற வயல்களில் நெல் கதிர் தள்ளியது. விதானை ஒருநாள் வழியில் சைக்கிளை மறித்து, "அந்தப் புல்லு மோசமில்ல ஐயா" என்றார். அதைவிடப் பெரிய புகழை அவர் வாயிலிருந்து எதிர்பார்க்கக் கூடாது. மேட்டில் கொழிஞ்சிக்கு அடியில் மற்றப் புற்களும் தலைகாட்டின. மண்ணைக் கிண்டினால் விரலில் ஒரு கறுப்பு ஒட்டியது. மண்புழுவைக் கண்ட அன்று காக்கா என் கந்தோருக்கே நடந்து வந்துவிட்டார்.

பிறகுதான் சுலைகா உம்மா காணியைப் பார்க்க வந்தார். நான் திரும்பத் திரும்பப் போய்க் கேட்டதனால் வந்தாரா, வயல்காரர் பேச்சைக் கேட்டு வந்தாரா, தெரியாது. ஆதம்பாவா வண்டியில் கூட்டிவந்தார். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு எல்லையில் நின்று பார்த்தார். நீலமும் ஊதாவுமாகக் கொழிஞ்சி பூத்திருந்த நேரம். காக்கா ஒரு கை தூரத்தில் நின்றார். இரண்டு பேரும் ஒருவரோடொருவர் கதைக்கவில்லை. எல்லாக் கதையும் என் வழியாகத்தான் போனது.

"கிணத்துத் தண்ணி குடிக்கலாமா எண்டு கேளுங்க ஐயா" என்றார் அந்த அம்மா.

"இன்னும் துரு மணக்குது, கை கால் கழுவலாம் எண்டு சொல்லுங்க தம்பி" என்றார் காக்கா.

"இவர் மெலிஞ்சு போயிட்டார். மூணு நேரமும் தின்னுறாரா எண்டு கேளுங்க."

"தின்னுறன் எண்டு சொல்லுங்க."

அது பொய். நான் சொல்லவில்லை.

சுலைகா உம்மா குனிந்து ஒரு பிடி மண்ணை எடுத்துக் கசக்கிப் பார்த்தார். அவர் கண் மண்ணைவிட்டு அகலவில்லை. பிறகு என்னிடம் நேராகக் கேட்டார். "இதில இப்ப தென்னம்பிள்ள வெக்கலாமா ஐயா?"

வைக்கலாம் என்று நான் சொல்லியிருந்தால் அந்தக் கணமே காணி கைமாறியிருக்கும். ஆனால் மேல்மண் விரற்கடை அளவுதான் கட்டியிருந்தது. தென்னை வேர் கீழே போனதும் இரும்புக் களியில் முட்டி, கன்று நின்றபடியே காய்ந்துவிடும். "இன்னும் இரண்டு மாரி போகவேண்டும் ராத்தா" என்றேன். அவர் கையிலிருந்த மண்ணைக் கீழே உதிர்த்தார். "அப்ப ரெண்டு மாரி போகட்டும்" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். ஆதம்பாவா ஓட்டிக்கொண்டு போனார்.

அன்று நான் காக்காவின் முகத்தைப் பார்க்கத் துணியவில்லை. அவர்தான் என் தோளில் தட்டினார். "சரியாச் சொன்னீங்க. ஒருக்கா ஏமாந்தவ. இன்னொருக்கா ஏமாத்தப்படாது" என்றார். பொய் சொல்லியிருந்தால் அந்த மனிதர் மனைவியின் கையால் ஒரு வாய் சோறாவது சாப்பிட்டிருப்பாரே என்று என் நண்பர் ஒருவர் பின்னர் கேட்டார். இப்போது வந்து கேட்டாலும் நான் அதே பதிலைத்தான் சொல்வேன். காக்காவும் அதைத்தான் விரும்புவார்.

முதல் மாரி போயிற்று. இரண்டாவது மாரி பிடித்த தொடக்கத்தில் அவருக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றால், நாளைக்கு, நாளைக்கு என்று கடத்தினார். தண்ணீர் வாய்க்காலை உடைக்காமல் பார்க்கவேண்டுமாம். அந்த நாளையைத்தான் தயிர்க்காரர் வந்து முடித்துவைத்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது குடிசைக்கு முன்னால் ஆண்கள் கூடி நின்றார்கள். மையித்தை எங்கே கொண்டுபோய்க் குளிப்பாட்டுவது, எந்த வீட்டிலிருந்து எடுப்பது என்று கதை நடந்தது. சாய்ந்தமருதிலிருந்து தங்கையின் கணவர் வந்திருந்தார். தங்கள் வீட்டுக்குக் கொண்டுபோகத் தயார் என்றார். அதுதான் சரி என்று எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள். தூக்குவதற்கு ஆட்கள் உள்ளே போகும் நேரத்தில் வண்டி வந்து நின்றது.

சுலைகா உம்மா இறங்கி நேரே குடிசை வாசலுக்குப் போய் நின்றுகொண்டார். பள்ளிவாசலில் தொழுகை நடத்தும் லெவ்வை தணிந்த குரலில், "மகள், நாங்க இவர தங்கச்சிட ஊட்ட கொண்டுபோகப் போறம். நீ ஒருக்காப் பார்த்துட்டுத் தள்ளி நில்லு" என்றார்.

"தங்கச்சிட ஊட்ட என்னத்துக்கு? இவருக்கு ஊடு இல்லையா?"

"இது ஊடா மகள்? நாலு ஓலை."

"நாலு ஓலையோ ரெண்டு ஓலையோ, இது என்ட காணி. என்ட மாப்பிள்ள என்ட காணியில இருந்துதான் போவார். ஒருத்தரும் தூக்கப்படாது."

கூட்டத்திலிருந்து யாரோ ஒருவர் வாய் சும்மா இருக்காமல், "இவ்வளவு காலமும் ஒரு சொல்லுக் கதைக்காம இருந்துட்டு..." என்று இழுத்தார்.

அந்த அம்மா திரும்பினார். "கதைக்கல்லதான். தலாக் கேட்டனா?" என்றார்.

லெவ்வை நிலத்தைப் பார்த்தபடி, அப்படியானால் இத்தா இருக்கவேண்டுமே என்றார். கணவனை இழந்த பெண் மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்திருக்கும் அந்தக் கடமையைச் சொன்னார். "இருப்பன். இஞ்சதான் இருப்பன்" என்றார் சுலைகா உம்மா. அப்போதுதான் அவருடைய குரல் உடைந்தது. ஆதம்பாவா வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். கிணற்றுத் தண்ணீரில் துரு இருந்தபடியால், மச்சானைக் குளிப்பாட்டத் தன் வீட்டிலிருந்து குடங்களில் நல்ல தண்ணீர் கொண்டுவந்து, தானே இறக்கிவைத்தார்.

ஜனாஸா அந்த மேட்டிலிருந்துதான் புறப்பட்டது. அடக்கம் செய்யும் மையவாடி வாசல்வரை நானும் பின்னால் நடந்தேன். அதற்கப்பால் வேற்று மதத்தவன் என்ன செய்வதென்று தெரியாமல் வெளியே நின்றேன். திரும்பி வந்தவர்கள் ஒருவருக்கொருவர் ஸலாம் சொல்லிக் கலைந்தார்கள். எனக்கு ஆறுதல் சொல்வதா, எனக்கும் அவருக்கும் என்ன உறவு என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கே தெரியவில்லை.

சுலைகா உம்மா இப்போது அந்தக் குடிசையில் இத்தா இருக்கிறார். முன்னால் ஓலைமறைப்புக் கட்டியிருக்கிறார்கள். அந்நிய ஆண் யாரும் உள்ளே போகக்கூடாது. கிழமை தவறாமல் போய்வந்த இடத்துக்கு எனக்கு இனி வழியில்லை. அந்த அம்மா ஒரு பின்னேரமாவது இந்தக் காணியில் வந்து இருக்கமாட்டாரா என்று காக்கா ஏங்கிக் கிடந்தார். இப்போது அவர் காலையும் மாலையும் அங்கேதான் இருக்கிறார். பார்க்கத்தான் காக்கா இல்லை.

அவருடைய நினைவாக என் அறையில் ஒரு பொருளும் கிடையாது. அவருடையது என்று இருந்த அத்தனையும் அந்தக் காணியில் இருக்கின்றன, காணி உரியவரிடம் சேர்ந்துவிட்டது. அவர் கேட்டதும் அதுதான். பதில் ஒன்றும் தராத ஒருவருக்காக, வருஷக்கணக்கில், முகம் சுளிக்காமல் வேலை செய்த ஒருவரைப் பக்கத்தில் நின்று பார்த்தேன் என்பதைத்தான் நான் வைத்திருக்கிறேன். இன்னொன்றும் உண்டு. இந்த ஊரில் பெரியவர், சிறியவர், விதானை, தயிர்க்காரர், எல்லாருக்கும் நான் ஐயா. அவருக்கு மட்டும்தான் தம்பியாக இருந்தேன். இனி இங்கே நான் யாருக்கும் தம்பி இல்லை.